ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மரம்

பழைய அமெரிக்க ரேடியோ ஒன்றைத் தூக்கிப் பார்ப்பவர்கள் அந்தக் காலத்து மரத்தைப் பாராட்டுவார்கள். உண்மையில் அந்தக் கனம் மின்மாற்றியின் இரும்பும் ஒலிபெருக்கியின் மின்காந்தமும் தருவது. கண்ணைப் பறிக்கும் அலையலையான வால்நட் ரேகை, 1930-களின் பெட்டிகளில் சுமார் 0.9 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாள்தான் வெனீர். அதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த வேறு மரம்.

அந்தத் தாள் தொழிற்சாலையில் ஒட்டப்பட்டதா, பிற்பாடு யாரோ மாற்றியதா? இந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, நாம் பார்ப்பது மரம்தானா? இரண்டாவது, மரம் என்றால் எந்த மரம்? மூன்றையும் பிரித்துக் கேட்காததால் எத்தனையோ நல்ல பெட்டிகள் பாழாகியிருக்கின்றன. மர ரேகை அச்சடிக்கப்பட்ட பெட்டி முழுக்க முழுக்க அசலாக இருக்கலாம். அசல் வால்நட் போர்த்திய பெட்டி, அந்த வால்நட்டாலேயே அசல் தன்மையை இழந்திருக்கலாம். பழுது பார்க்கிறவர் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாளும் தின்னரும் என்றால், இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய தடயங்கள் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் சோதனைகள் எல்லாம், பெட்டிக்குத் தீங்கு செய்யாதவற்றில் தொடங்கி, கடைசியில்தான் ஒரு துளி கரைப்பானுக்கு வருகின்றன.

ரேடியோ எப்படி மரச்சாமானாக ஆனது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1930-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 40 விழுக்காடு வீடுகளில் இருந்தது. 1940-இல் அது 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நடுவில் இருந்த பத்தாண்டுகள் அமெரிக்கா கண்ட மிக மோசமான பொருளாதார மந்தத்தின் ஆண்டுகள். வேலை இல்லாத காலத்திலும் மக்கள் ரேடியோ வாங்கினார்கள், ஆனால் விலை குறைவாக இருக்க வேண்டியிருந்தது. பிலடெல்பியாவின் ஃபில்கோ நிறுவனம் 1930-இல் ‘பேபி கிராண்ட்’ என்ற பெயரில், தேவாலயச் சாளரம் போல உச்சி வளைந்த மேசை ரேடியோவை ஐம்பது டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் கொண்டுவந்தது. மறு ஆண்டு வந்த ஒன்பது வால்வுகள் கொண்ட ஃபில்கோ 90, இன்றும் ‘பழைய ரேடியோ’ என்றதும் பலருக்குக் கண்ணில் தோன்றும் வடிவம். இன்னொரு கோடியில், 1935-இல் ஜெனித் நிறுவனம் ‘ஸ்ட்ராட்டோஸ்பியர்’ என்று 25 வால்வுகள் கொண்ட ஒரு பெரிய ரேடியோவை 750 டாலருக்கு விற்றது. ஐம்பது டாலர் பெட்டியும் எழுநூற்றைம்பது டாலர் பெட்டியும் ஒரே மாதிரி மினுமினுக்கும் வால்நட் முகத்தைக் காட்டின. இரண்டிலும் அந்த முகம் தாள் தடிமன்தான் என்பதால்தான் அது முடிந்தது.

பெட்டிகளைச் செய்தவர்கள் பல சமயம் ரேடியோ நிறுவனத்தாரே அல்ல. அட்வாட்டர் கென்ட் ரேடியோக்களுக்குப் பூலி என்ற மரச்சாமான் நிறுவனம் பெட்டிகள் செய்தது. கனெக்டிகட் மாநிலத்தில் கடிகாரம் செய்துவந்த இங்கிராம் நிறுவனம், மேசைக் கடிகாரங்களுக்கு மரத்தை வளைத்துப் பழகிய கையோடு எமர்சன் ரேடியோக்களுக்கு வளைந்த பெட்டிகளைச் செய்தது. அந்தத் தச்சு மரபைத் தெரிந்துகொண்டால் பெட்டியை வாசிப்பது எளிதாகிறது.

தாள் எப்படிச் சீவப்பட்டது

வால்நட் மரத்தின் நேரான தண்டிலிருந்து வரும் பலகை அழகாக இருக்கும், ஆனால் அதில் வியப்பு ஏதும் இருக்காது. வியப்பான ரேகைகள் மரம் சிக்கலாக வளர்ந்த இடங்களிலிருந்து வருகின்றன. தண்டு இரண்டாகப் பிரியும் கவை, வேரோடு சேரும் அடித்தூர், பட்டைக்கு அடியில் ஆயிரம் மொட்டுகள் முளைக்க முயன்று முடங்கிப்போன கழலை ஆகியவைதான் அந்த இடங்கள். கவையில் இழைகள் இரு பக்கமும் முறுக்கிப் பிரிவதால் இறகு விரித்தது போன்ற ரேகை வரும். கழலையில் கண் கண்ணாகச் சுழிகள் வரும். இந்தத் துண்டுகளைப் பலகையாக அறுத்துப் பயன்படுத்தினால் கொஞ்ச நாளில் முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும், ஏனென்றால் இழை எல்லாத் திசையிலும் ஓடுகிறது. மெல்லிய தாளாகச் சீவி, நேரான மரத்தின் மேல் ஒட்டினால்தான் அவை அடங்கி இருக்கும். ஆகவே வெனீரை ஏமாற்று வேலை என்று நினைப்பது தவறு. அந்த ரேகையை ஒரு பெட்டியின் முகத்தில் கொண்டுவர வேறு வழியே கிடையாது.

மரத்துண்டை வெந்நீரிலோ நீராவியிலோ ஊறவைத்து இளக்கிய பிறகு, நீளமான கத்தியின் எதிரே அதை மேலும் கீழுமாக அசைத்துத் தாள் தாளாகச் சீவினார்கள். அமெரிக்காவில் அப்போது வழக்கமான தடிமன் ஓர் அங்குலத்தில் 28-இல் ஒரு பங்கு, அதாவது 0.9 மில்லிமீட்டர். இன்று கடைகளில் கிடைக்கும் வெனீர் 42-இல் ஒரு பங்கு, 0.6 மில்லிமீட்டர். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சீவிய தாள்களை வரிசை கலையாமல் அடுக்கிக் கட்டுவார்கள். அடுத்தடுத்த இரண்டு தாள்களின் ரேகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நடுவில் போனது ஒரு மில்லிமீட்டர் மரம்தானே. அந்த இரண்டையும் புத்தகம் விரிப்பது போல விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், இடதும் வலதும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல அமையும். 1930-களின் ரேடியோ முகங்களில் நடுக்கோட்டின் இரு பக்கமும் ரேகை ஒத்துப்போவது இப்படித்தான்.

ஆனால் இரண்டு பாதிகளும் ஒருபோதும் முழுக்க ஒன்றல்ல, இது நமக்குக் கிடைத்த நல்ல தடயம். கத்தி சீவும்போது தாள் வளைகிறது. அப்போது கத்தியை ஒட்டிய பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, மறுபக்கம் இறுக்கமாகவே இருக்கிறது. விரித்து ஒட்டும்போது ஒரு பாதியில் இறுக்கமான பக்கம் மேலே வரும், அடுத்ததில் வெடிப்புப் பக்கம் மேலே வரும். சாயத்தை இரண்டும் ஒரே அளவில் உறிஞ்சாது. அது மட்டுமல்ல, ஒரு தாளைப் புரட்டிப் போட்டதால் இழைகள் சாயும் திசையும் தலைகீழாகிறது. விளக்கை இடப்பக்கம் பிடித்தால் ஒரு பாதி வெளிறியும் மறுபாதி இருண்டும் தெரியும். விளக்கை வலப்பக்கம் கொண்டுபோங்கள், இருட்டும் வெளிச்சமும் இடம் மாறும். மரத்தின் இழைகள் உள்ளீடற்ற நீண்ட குழல்கள். அவை மேற்பரப்புக்குச் சாய்வாக வெட்டுப்படும் இடத்தில் ஒளி ஒரு திசையில் திரும்பி வரும், இன்னொரு திசையில் உள்ளேயே உறிஞ்சப்படும். அச்சடித்த ரேகையில் இந்த மாற்றம் நிகழாது. மை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே மைதான். கருவி எதுவும் இல்லாமல் ஒரு கைவிளக்கை மட்டும் வைத்து அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

அச்சடித்த மரம்

மந்தத்தின் அழுத்தம் கூடக்கூட, வெனீர்கூடச் செலவாகத் தெரியத் தொடங்கியது. விடை, ‘போட்டோஃபினிஷ்’ என்று தொழிலில் வழங்கிய முறை. நல்ல ரேகையுள்ள மரப்பலகை ஒன்றைப் படம்பிடித்து, அந்தப் படத்தை உலோகத் தகட்டில் செதுக்குவார்கள். தகட்டில் மை பூசி, மென்மையான உருளையால் அந்த மையை எடுத்து, முன்பே பழுப்பு அடிப்பூச்சு பூசிய சாதாரணப் பலகையின் மேல் உருட்டுவார்கள். அதற்கு மேல் லாக்கர். ஃபில்கோ, ஜெனித் முதலான நிறுவனங்கள் 1930-களின் நடுவிலிருந்து இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. முழுப் பெட்டியையும் அச்சடிக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் முகத்தில் அசல் வெனீர் இருக்கும், அதற்குக் கீழே ஒரு பட்டையோ தூண் போன்ற ஓரச் சட்டமோ மட்டும் அச்சாக இருக்கும். ஒரே பெட்டியில் இரண்டும் கலந்திருப்பதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. முகத்தில் வால்நட்டைப் பார்த்தவர் மீதியும் வால்நட் என்றே முடிவுகட்டி லாக்கரைக் கரைக்கிறார். லாக்கரோடு ரேகையும் துணியில் வந்துவிடுகிறது. கீழே தெரிவது ரேகையே இல்லாத வெளிறிய மரம்.

அந்த வெளிறிய மரம் பெரும்பாலும் அமெரிக்கர்கள் பாப்லர் என்று சொல்லும் டியூலிப் மரம், அல்லது கம் எனப்படும் லிக்விடாம்பர். டியூலிப் மரத்தின் வைரப்பகுதி லேசான பச்சை நிறம். பெட்டியின் அடிச்சட்டம், ஓர விளிம்புகள், வளைவுச் சட்டங்கள் பலவும் இந்த மரங்களில்தான் செய்யப்பட்டன. அவற்றை வால்நட்டோடு சேர்க்க, அடர்பழுப்பு நிறமியைக் கலந்த லாக்கரை மேலே தெளித்தார்கள். அந்தக் கருமை அழுக்கு அல்ல, வடிவமைப்பின் ஒரு பகுதி. இருண்ட சட்டம் சுற்றிலும் இருப்பதால்தான் நடுவில் உள்ள ரேகை ஒளிவிடுகிறது. ‘எவ்வளவு அழுக்கு!’ என்று அதைச் சுரண்டி, பெட்டி முழுவதையும் ஒரே தேன் நிறமாக்கிவிட்டவர்களின் வேலையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வடிவமைத்தவர் போட்ட கோடுகள் எல்லாம் அதில் அழிந்துபோயிருக்கும்.

அச்சைக் கண்டுபிடிக்கக் கைவிளக்கு போக இன்னும் சில வழிகள் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் வால்நட்டில் நீர்க்குழல்கள் வெட்டுப்பட்ட இடங்கள் நீண்ட சிறு பள்ளங்களாகத் தெரியும், சாய்வான வெளிச்சத்தில் அவற்றுக்கு ஆழமும் நிழலும் இருக்கும். அச்சில் அதே கோடு மேற்பரப்பில் தட்டையாகக் கிடக்கும், சில இடங்களில் படம் அச்சடித்ததற்கே உரிய புள்ளிகள் தெரியும். தேய்ந்த மூலையைப் பாருங்கள். வெனீர் தேய்ந்தால் ரேகை மங்காமல் கடைசிவரை இருந்து, ஓரிடத்தில் அடிமரத்துக்கு மாறும். அச்சு தேய்ந்தால் முதலில் ரேகை போகும், பிறகு ரேகையற்ற பழுப்புப் பூச்சு தெரியும், பிறகு மரம். இரண்டு திசைகளிலும் ஒருசேர வளையும் பரப்பு, அதாவது கிண்ணத்தின் வெளிப்புறம் போன்ற வளைவு, பெட்டியில் எங்காவது இருந்தால் அங்கே நிற்கவும். மரத்தாள் ஒரு திசையில் அழகாக வளையும், இரண்டு திசைகளில் ஒரே சமயத்தில் வளையாது, கிழிந்துவிடும். அப்படிப்பட்ட வளைவின் மேல் கழலை ரேகை தடையில்லாமல் ஓடினால் அது மையால் வரைந்தது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதே மாடல் ரேடியோவின் வேறு இரண்டு மூன்று படங்களைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு தகட்டிலிருந்து உருட்டிய அச்சு எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாகவே இருக்கும், அதே சுழி, அதே இடம். இதில் ஓர் எச்சரிக்கை. அசல் வெனீரும் ஒரே கட்டிலிருந்து வந்திருந்தால் உடன்பிறப்புகள் போல ஒத்திருக்கும். ஓர் அங்குல மரத்தில் 28 தாள்கள் கிடைக்கும் அல்லவா? ஆனால் தாளுக்குத் தாள் சுழி கொஞ்சம் நகரும், பெருக்கும், சிறுக்கும். நகராமல் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பின்பக்கத்திலிருந்து வாசிப்பது

பெட்டியைப் பற்றி முகம் சொல்வதைவிட முதுகு சொல்வது அதிகம். பின்னால் திறந்து, உட்புறச் சுவரில் ஒட்டிய காகிதச் சீட்டைப் பாருங்கள். வால்வுகள் எந்த இடத்தில் செருகப்பட வேண்டும் என்ற வரைபடமும் மாடல் எண்ணும் அதில் இருக்கும். பிறகு ஒலிபெருக்கித் துளையின் விளிம்பையும் பின்விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பலகையின் அடுக்குகள் அங்கே பளிச்சென்று தெரியும். மேலே ரேகைத் தாள், அதற்குக் கீழே இழை குறுக்கே ஓடும் தாள், நடுவில் தடித்த கட்டை, மறுபடி குறுக்குத் தாள், உட்புறத் தாள். குறுக்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மரம் ஈரம் ஏறி இறங்கும்போது நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாட்டில் கணிசமாக அசையும். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை அமெரிக்க வால்நட் ஆண்டு வளையத்துக்குக் குறுக்கே 5.5 விழுக்காடு, வளையத்தின் போக்கில் 7.8 விழுக்காடு சுருங்கும். அடுத்தடுத்த அடுக்குகளை எதிரெதிராக ஒட்டினால் ஒன்றின் அசைவை மற்றொன்று பிடித்து நிறுத்துகிறது.

பிடிமானம் தளரும்போதுதான் முகத்தில் விரிசல் வருகிறது. விரிசலின் போக்கே ஒரு சாட்சி. வெனீர் வெடித்தால் விரிசல் இழையோடு சேர்ந்து நேராக ஓடும். லாக்கர் மட்டும் வெடித்தால் இழையைப் பொருட்படுத்தாமல் கட்டம் கட்டமாக, வறண்ட ஏரிப்படுகை போலப் பிளக்கும். முகத்தில் இழையோடு ஓடும் விரிசல்கள் இருந்து, அவை அடிமரத்தைத் தொடாமல் நின்றால், அங்கே தனித் தாள் ஒன்று இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுக்கின் விளிம்பில் மேல்தாளின் தடிமனை ஒரு நல்ல கேலிப்பரால் அளந்து பாருங்கள். அமெரிக்கப் பெட்டியில் 0.8 அல்லது 0.9 வந்தால் தொழிற்சாலைத் தாளுக்குப் பொருந்தும், ஏனென்றால் ஒட்டிய பிறகு அங்கேயே கொஞ்சம் தேய்த்திருப்பார்கள். 0.6 அல்லது அதற்கும் கீழே வந்தால் இரண்டில் ஒன்று. பிற்காலத்தில் வாங்கி ஒட்டிய தாளாக இருக்கலாம், அல்லது யாரோ இயந்திரம் வைத்துத் தேய்த்துத் தள்ளிய பழைய தாளாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய முகத்தைப் பார்க்க வேண்டும். தேய்த்த பெட்டியில், லென்ஸுக்கு அடியில் வட்டச் சுழிக் கீறல்கள் தெரியும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், சில இடங்களில் தாள் தேய்ந்துபோய்ப் பசையின் கறுப்போ குறுக்குத் தாளின் இழையோ எட்டிப் பார்க்கும்.

பசையும் பேசும். அந்தக் காலத்துப் பசை பெரும்பாலும் வச்சிரம், நம் ஊர்த் தச்சர்களும் ஃபெவிக்கால் வருவதற்கு முன் காய்ச்சிக்கொண்டிருந்த அதே தோல் பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் புரதம் அது. காய்ந்தால் தேன்நிறத்தில் கண்ணாடி போல நொறுங்கும், வெந்நீர் பட்டால் ஊறி இளகும். வால்வுகள் பல மணி நேரம் எரிந்து சூடேற்றும் பெட்டியின் மேற்பகுதியில் வச்சிரம் வறண்டு விட்டுக்கொடுப்பதும், ஈரமான நிலவறையில் கிடந்த பெட்டியின் அடியில் இளகி விட்டுக்கொடுப்பதும் வழக்கம். எழும்பி நிற்கும் தாளின் அடியில் தேன்நிறப் பொருக்கு இருந்தால் நல்ல அறிகுறி. ரப்பர் போல இழுபடும் மஞ்சள் பசையோ, வெண்மையாகக் காய்ந்த பிசினோ இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட கை. தாளின் முதுகில் காகிதம் ஒட்டியிருந்தாலும் அப்படியே, சுருளாக வரும் இந்தக் காலத்து வெனீருக்குத்தான் காகித முதுகு.

எந்த மரம்?

ஆர்தர் கோலர் என்றொரு மர ஆய்வாளர் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், 1910-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். விமானி லிண்ட்பெர்கின் குழந்தை 1932-இல் கடத்தப்பட்டபோது, வீட்டின் அருகே கிடந்த கையால் செய்த ஏணியை அவரிடம் கொடுத்தார்கள். இழைப்பு இயந்திரம் பலகையில் விட்டுச்சென்ற அலைத்தடங்களின் இடைவெளியை அளந்தே, அந்தப் பலகைகள் தென் கரோலினாவின் ஓர் இழைப்பாலையில் இழைக்கப்பட்டு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு மரக்கடையில் விற்கப்பட்டவை என்று அவர் கண்டறிந்தார். 1935-இல் நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்னார். இந்த அத்தியாயத்தில் நாம் பேசும் ரேடியோக்கள் அந்த வழக்கின் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோனவை. லென்ஸும் அளவுகோலும் வைத்து மரத்திடம் இத்தனை கேட்க முடியும் என்றால், ஒரு பெட்டியின் முகம் வால்நட்டா என்று கேட்பது பெரிய காரியமல்ல.

வால்நட்டின் நீர்க்குழல்கள் வெறும் கண்ணுக்கே கருநிறச் சிறு கோடுகளாகத் தெரியும். ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிதாகவும் போகப்போகச் சிறிதாகவும் படிப்படியாக மாறும். கம் மரத்தின் குழல்கள் மிகச் சிறியவை, லென்ஸ் இல்லாமல் தெரியாது. இது முக்கியம், ஏனென்றால் புகை படிந்தது போன்ற கோடுகள் உள்ள கம் மரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே விலையுயர்ந்த வால்நட்டுக்குப் பதிலாகப் பயன்பட்டது. தூரத்தில் வால்நட், கிட்டத்தில் கோடே இல்லாத வழுவழுப்பு என்றால் கம் என்று கொள்ளலாம். அதுவும் அசல் வெனீர்தான், வால்நட் இல்லை, அவ்வளவே. மகோகனியின் குழல்களும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வளையம் முழுதும் ஒரே சீராகப் பரவியிருக்கும், சிலவற்றில் செந்நிறப் பிசின் அடைத்திருக்கும். பேர்ட்ஸ்-ஐ மேப்பிளைத் தவறவே முடியாது, வெளிறிய பரப்பில் சின்னச் சின்னக் கண்கள்.

அந்தக் கால விளம்பரங்களில் ‘ஓரியண்டல் வால்நட்’ என்று ஒரு மரம் அடிக்கடி வரும். கோடு கோடாக ஓடும் பழுப்பும் சாம்பலும் கலந்த அழகான மரம். இது வால்நட்டும் அல்ல, கீழை நாட்டுச் சரக்கும் அல்ல. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காடுகளில் வளரும் எண்டியாண்ட்ரா, கருவாப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உடம்பில் சிலிக்கா அதிகம், வாளின் பல்லை மழுக்கிவிடும். பலகையாக அறுப்பதற்குச் சிரமமான இந்த மரம் வெனீராகச் சீவுவதற்குப் பொருத்தமாக அமைந்தது. சேதமடைந்த முகத்தை அமெரிக்க வால்நட் தாள் கொண்டு ஒட்டுப்போட்டால் ஏன் எப்போதும் பொருந்தாமல் நிற்கிறது என்று சிலர் திகைப்பதற்கு இந்த மரம் ஒரு காரணம்.

நிறத்தை மட்டும் நம்பி மரத்தைத் தீர்மானிக்காதீர்கள். பெரும்பாலான மரங்கள் வெளிச்சத்தில் இருள்கின்றன, செர்ரியும் மகோகனியும் அப்படித்தான். வால்நட் எதிர்த்திசையில் போகிறது, வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதே சமயம் அதன் மேலிருக்கும் லாக்கர் வயதாக வயதாக மஞ்சளிக்கிறது. இரண்டு எதிரெதிர் மாற்றங்கள் சேர்ந்துதான் நாம் பார்க்கும் அந்தத் தேன்பழுப்பு. முதலில் எப்படி இருந்தது என்று பார்க்க, டயலைச் சுற்றியுள்ள பித்தளைச் சட்டத்தையும் திருகுகளையும் கழற்றிப் பாருங்கள். அதற்கு அடியில் வெளிச்சமே படாத ஒரு பட்டை இருக்கும். மரம் அங்கே இருண்டும் லாக்கர் தெளிந்தும் இருந்தால், பெட்டிக்கு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சட்டத்துக்கு அடியிலும் வெளியிலும் ஒரே நிறம் என்றால் பெட்டி மறுபூச்சு கண்டிருக்கிறது.

ஒரு துளி

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் மட்டும் பூச்சைச் சோதிக்கலாம். 1920-களின் நடுவில் கார்களுக்குப் பூசுவதற்காகப் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை மரச்சாமான் தொழிலும் விரைவில் எடுத்துக்கொண்டது. வார்னிஷ் உலர நாட்கணக்காகும், லாக்கர் சில நிமிடங்களில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்கும் பெட்டிகளுக்கு அது தேவைப்பட்டது. ஆகவே 1930-களின் தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் லாக்கர்தான். துப்பாக்கியால் தெளித்ததால், ஒலிபெருக்கித் துளையின் உள்விளிம்பிலும் பெட்டியின் உட்சுவரிலும் அதன் தூவல் மெல்லிய மூடுபனி போலப் படிந்திருக்கும். தூரிகையால் பூசிய பிற்காலப் பூச்சுக்கு இந்தத் தூவல் இருக்காது, ஓரங்களில் ஒழுகிய தடம்தான் இருக்கும்.

புற ஊதா விளக்கு கைக்கு எட்டினால் இருட்டறையில் பாருங்கள். அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அன்று பிகாரில் இருந்த சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து உலகெங்கும் போன அரக்கு, கிராமபோன் தட்டுகளுக்கும் மரச்சாமான் மெருகுக்கும் பயன்பட்டது. ரேடியோ முகத்தில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு ஒளி தெரிந்தால், யாரோ அந்த இடங்களை மட்டும் பிற்பாடு தொட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

கடைசியாகத்தான் கரைப்பான். பின்விளிம்பில், வெனீர் என்று உறுதியான மறைவிடத்தில், பஞ்சுக்குச்சியால் ஒரு துளி சாராயம் தொட்டு வையுங்கள். அரக்கு பிசுபிசுக்கும். அசையவில்லை என்றால் லாக்கர் தின்னரில் ஒரு துளி. லாக்கர் கரைந்து மென்மையாகும். இரண்டுக்கும் கரையாமல் சுருங்கியோ அசையாமலோ நின்றால் பாலியூரித்தேன் போன்ற பிற்காலப் பூச்சு என்று கொள்ளலாம். நைட்ரோசெல்லுலோஸ் மளமளவென்று எரியும் பொருள், தின்னரின் ஆவியும் அப்படியே. சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அச்சு ரேகை இருக்கும் பகுதியில் இந்தச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அங்கே லாக்கரும் மையும் ஒரே துளியில் போகும்.

சேதமடைந்த அச்சு ரேகைக்கு மேல் புதிதாக வால்நட் வெனீரை ஒட்டிவிடலாமே, பெட்டி இன்னும் அழகாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1938-இல் ஒரு குடும்பம் இருபது முப்பது டாலருக்கு வாங்கிய ரேடியோவை, அவர்கள் வாங்கியிராத வேறொரு பொருளாக அது மாற்றிவிடுகிறது. அச்சு ரேகை அந்தக் காலத்துத் தொழிற்சாலை அறிவின் ஒரு சாதனை. மந்தத்தின் நடுவே சாதாரண வீட்டுக்கும் ஒரு நல்ல முகத்தைக் கொடுத்தது. அதையும் காப்பாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. உதிர்ந்த இடத்தில் அடிப்பூச்சின் நிறத்தைத் தடவி, மெல்லிய தூரிகையால் ரேகையை வரைந்து, மேலே லாக்கர் தெளித்தால் ஓரடி தள்ளி நின்று பார்க்கும்போது தெரியாது.

அசல் வெனீரில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், முழு முகத்தையும் உரித்தெடுப்பதைவிடத் துண்டு போடுவதே மேல். தடிமன் பொருந்த வேண்டும், ஆகவே 0.6 தாள் போதாது. பழைய பெட்டிகளின் உடைந்த பாகங்களிலிருந்து 0.9 தாளை வெந்நீர்த் துணி போட்டு உரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்ல தச்சர்களிடம் உண்டு. துண்டை இழைக்குக் குறுக்கே நேராக வெட்டினால் வெட்டுக்கோடு பளிச்சென்று கண்ணில் படும், இழையோடு சாய்வாக, படகு வடிவில் வெட்டுங்கள். வச்சிரத்தாலேயே ஒட்டுங்கள், நாளை இன்னொருவர் பிரிக்க வேண்டியிருந்தால் வெந்நீரே போதும். எந்தத் துண்டு புதியது, எந்தப் பூச்சு பூசப்பட்டது, எந்த ஆண்டில் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தொழிற்சாலைச் சீட்டின் மேல் மட்டும் ஒட்ட வேண்டாம், எதிர்ச்சுவரில் இடம் இருக்கும்.